அருந்ததி மச்சாளின் காலுக்குக் கிடைத்த கார்

1

இந்தக் கதையின் முதல் வசனம் என்னுடையதல்ல. அதை என் அம்மா சொன்னார். தொண்ணூற்றேழாம் ஆண்டு, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில், தேங்காய் திருவிக்கொண்டே சொன்னார்:

“அருந்ததியின்ர காலைக் காட்டி நாகேந்திரம் கார் ஓடுறான்.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். என்ன வசனம் ஐயா! ஒரு கால், ஒரு கார், ஒரு களவு, எல்லாமே அதற்குள் இருந்தன. அன்னபாக்கியம் என்கிற என் அம்மா வாழ்நாளில் ஒரு கதை எழுதியதில்லை, எழுதுகிறவர்களை ஒரு பொருட்டாக எண்ணியதுமில்லை. ஆனால் இப்படியான வசனங்கள் அவர் வாயிலிருந்து சும்மா விழும். பக்கத்தில் நின்று பொறுக்குவதுதான் என் தொழில். (தொழில் என்றது பெருமைக்கு. அப்போது நான் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க்.)

நாகேந்திரம் அம்மாவின் அண்ணனுடைய மகன், எனக்கு அத்தான் முறை. அருந்ததி அவருடைய தங்கை, எனக்கு மச்சாள், என்னைவிட மூத்தவள். தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவர்களும் வெளிக்கிட்டு, ஒருவழியாகக் கொழும்பு வந்து, எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் குடியேறினார்கள். லிஃப்ற் கிடையாது. மச்சாளுக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் சூம்பப் பண்ணிவிட்டிருந்தது. இப்போதைக்கு இந்தக் கதைக்கு அந்தக் கால்கள் போதும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

முதலாவது: ‘நாகேந்திரத்தின் மீசை ஒரு கள்ளனின் மீசை. காலையில் கண்ணாடி முன் நின்று அதை அவர் முறுக்கிவிடும்போது —’

(நிறுத்தினேன். அத்தானுக்கு மீசை கிடையாது. ஒட்டவைத்துப் பார்த்தேன், தபாற்கந்தோரில் முத்திரை விற்கிறவர் மாதிரி ஆகிவிட்டார்.)

இரண்டாவது: ‘யுத்தம் மூண்டிருந்த அந்தக் கொடிய நாட்களில், தலைநகரின் நெஞ்சிலே —’

(எழுதும்போதே கொட்டாவி வந்தது. யுத்தம் நடந்ததை எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பாண் வாங்கப் போகிறவனும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனான்.)

மூன்றாவது: ‘கார் பேசியது.’

இதை வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் கார் பேசியது.

3

ஊனமுற்றவர்களுக்குச் சுங்கத் தீர்வையில்லாமல் கார் இறக்குமதி செய்ய அரசாங்கம் பெர்மிட் கொடுத்தது. அத்தான் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, மச்சாளின் பெயரில் ஒன்று எடுத்தார். சுவிஸில் இருந்த அவர்களுடைய தம்பி உதவ, ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்த வெள்ளைக் கார் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியது.

பெர்மிட்டுக்கு ஒரு விதி இருந்தது. பயனாளி உள்ளே இருந்தால்தான் கார் ஓடலாம். அவர் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் கார் போய்விடும். (இந்த விதியைக் கதைக்காக நான் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன். உண்மையில் அது எவ்வளவு தளர்வாக இருந்தது என்று சட்டம் தெரிந்த வாசகர்கள் எனக்கு எழுதவேண்டாம். தளர்த்தினால் கதையும் போய்விடும்.)

கார் பேசிய விடயத்துக்கு வருகிறேன். கதவு திறந்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில், மிகவும் மரியாதையாக, ஏதோ சொல்லும். அது என்ன சொல்கிறது என்று வெள்ளவத்தையில் ஒருவருக்கும் தெரியாது. “வணக்கம் சொல்லுது” என்றார் ஒருவர். “பெற்றோல் கேக்குது” என்றார் இன்னொருவர். அந்தக் குரலுக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் மயிலம்மா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு காரில் ஏறும் பெரியவர்கள்கூட, “மயிலம்மா, நாங்கள்தான்” என்று சொல்லிக்கொண்டு ஏறினார்கள்.

சோதனைச் சாவடிகளில் மயிலம்மாவால் பல சிக்கல்கள் வந்தன. ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, குரல் ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று சிப்பாய்கள் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். டிக்கியில் பெரும்பாலும் கத்தரிக்காய்தான் இருக்கும்.

4

இப்போது வில்லனைப் பார்ப்போம். அம்மாவும் ஒழுங்கையும் சேர்த்துவைத்த ஆதாரங்கள் இவை. கார் காலையில் களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது, மத்தியானம் நுகேகொடைச் சந்தையில் நிற்கிறது, பின்னேரம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண மண்டபத்துக்கு முன்னால் நிற்கிறது. பின் சீற்றில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள். முன் சீற்றில் மட்டும் அதே மச்சாள். எங்கும் இறங்குவதில்லை. கலியாண வீட்டுச் சாப்பாடுகூட ஒரு தட்டில் வெளியே வரும்.

“அந்தப் பிள்ளையை லைசென்ஸ் மாதிரிக் கண்ணாடியில ஒட்டிவைச்சிருக்கிறான்” என்றார் அம்மா. (இதையும் பொறுக்கினேன்.) “ஹயர் ஓடுறான். வேறென்ன?”

ஹயரா? வாடகைக்கு ஓடுகிறாரா என்று விசாரித்தேன். ஒழுங்கைக்காரர் பெற்றோல் அடித்துக் கொடுத்தார்கள். அதோடு மாம்பழம், முறுக்கு, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். மாம்பழத்துக்கு ஓடுவது ஹயர் ஆகுமா என்று பெர்மிட்டில் எழுதியிருக்கவில்லை.

என் கதைக்கு ஒரு சரியான கள்ளன் தேவைப்பட்டான். ஆகவே நாகேந்திரம் அத்தானை ஒளித்து நின்று கவனித்தேன். ஒருநாள் காலை தொடர்மாடிக்குக் கீழே காருக்குப் பின்னால் பதுங்கினேன். படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அத்தான் வந்தார். முதுகில் மச்சாள். அவள் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள், அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக, மூன்று மாடியும் இறங்கி வந்தார். காருக்குள் அவளை இருத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது என்னைக் கண்டார்.

“டேய், உதில என்ன தேடுறாய்?”

“செருப்பு, அத்தான்.”

“காலில கிடக்கே!”

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, வில்லனைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்தேன். வில்லனுக்குக் கொடுவாள் இருக்கலாம், கடன் இருக்கலாம், இரண்டு பெண்சாதி இருக்கலாம். முதுகு வலி இருக்கக்கூடாது. வாசகர்கள் இரங்கிவிடுவார்கள்.

கார் வருவதற்கு முன் மச்சாள் கீழே இறங்கியது ஓரிரு தடவைதான், அதுவும் பொலிஸ் பதிவுக்காக. மற்ற நேரமெல்லாம் மூன்றாம் மாடி யன்னலில் ஒரு முகம் இருக்கும். கார் வந்த பிறகு அந்த யன்னலில் முகமே இல்லை. கார் போனால் அவள் மறுபடி யன்னலுக்குத்தான் போகவேண்டும். இந்தக் கதையில் பயப்படுவதற்கு இருப்பது இது ஒன்றுதான், வேறு எதையும் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

5

சவுந்தரநாயகம் மாஸ்ரர் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மதிக்கும் மனிதர். (நானும் மதிக்கிறேன். இனி எழுதப்போவதை அவர் குடும்பம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.) அவருடைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தில்லைநாதன் கொட்டாஞ்சேனையில் தன் மாமி வீட்டில் தங்கியிருந்தார். அங்கே பொன்னுருக்கல். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு என்பதால், பெண் வீட்டார் பலகாரத் தட்டுகளோடு போகவேண்டும். மாஸ்ரர் மூன்று மாடி ஏறி வந்தார். நானும் அங்கே இருந்தேன். மச்சாள் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி நாகேந்திரம், கார் ஒரு உதவியா வேணும்.”

“அதுக்கென்ன, மாஸ்ரர்.”

“மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முழுவியளம், சகுனம் எண்டு பாக்கிற ஆக்கள். ஆர் முன்னுக்கு வருகினம், ஆரைக் கண்டது எண்டெல்லாம்...”

“நல்ல காரியத்துக்குப் பாக்கத்தானே வேணும்.”

“அதுதான் தம்பி. காரில... முன்னுக்கு... அதாவது பிள்ளை...” மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். சுவரில் இருந்த கலண்டரைப் படித்தார்.

“என்னைத்தான் சொல்லுறார், அண்ணை” என்றாள் மச்சாள். “நான் முன்னுக்கு இருந்தா பொன் உருகாதாம்.”

“ஐயோ பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லுவனே!”

“நீங்கள் சொல்லேல்லை மாஸ்ரர். உங்களுக்குக் கஷ்டமா இருந்தது, நான் சொல்லிவிட்டன்.”

நாகேந்திரம் அத்தானிடம் உள்ள ஒரே கெட்ட குணத்தை இங்கே எழுதவேண்டும். அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். வெறுங்கையோடு வந்தவனுக்கும் ரயரைக் கொடுத்தனுப்பியவர். பொன்னுருக்கல் அன்று அவர் தங்கையைக் காரில் ஏற்றி, ஒழுங்கை முடிவில் காலி வீதியில் ஒரு ஐஸ்கிரீம் கடை வாசலில் கதிரை போட்டு இருத்தினார். “ஒரு சின்ன நேரம்” என்றார். மாஸ்ரர் தட்டுகளோடு முன் சீற்றில் ஏறினார். மழை பெய்தது, சாவடிகளில் நின்றவர்கள் ரெயின்கோட்டுக்குள்ளிருந்தே கையைக் காட்டிப் போகவிட்டார்கள்.

கார் முதல்முறையாக அவள் இல்லாமல் ஓடியது. பொன் நன்றாக உருகியதாம்.

(அம்மா சொன்ன களவு கடைசியில் நடந்தேவிட்டது, வாசகரே. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் நடக்கவில்லை. மச்சாள் காரில் இருந்த நாட்களையெல்லாம் மோசடி என்று பேசிய ஒழுங்கை, அவள் காரில் இல்லாத அன்று, நல்ல காரியம் என்றது.)

6

அடுத்த வாரம் பெர்மிட் கொடுத்த கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அன்றும் நான் அங்கே இருந்தேன். புவாத் என்று பெயர். மூன்று மாடி ஏறிய களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார், பிறகுதான் தான் யார் என்று சொன்னார்.

“மிஸ், ஒங்கட காரு நீங்க இல்லாம ஓடுதுண்டு எங்களுக்குத் தகவல் ஒண்டு வந்தீக்கி.”

அத்தான் முந்திக்கொண்டார். “சேர், அது ஆரோ எரிச்சல்ல —”

“ஓம் சேர், ஓடினது” என்றாள் மச்சாள்.

புவாத் கையில் இருந்த கிளாசைக் கீழே வைத்தார். இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு பதில் அவருக்கு வந்திருக்காது. “எத்தின தரம்?”

“ஒருக்கா.”

“இனி?”

“இனி ஓடாது. நான் பாத்துக்கொள்ளுறன்.”

“இன்னொரு தரம் பிடிபட்டா காரை எடுத்துருவாங்க மிஸ். எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது.” அவர் எழுந்து, வாசலில் நின்று, கீழே இறங்கும் படிகளைப் பார்த்தார். “நீங்க எப்புடி இதுல எறங்குற?”

“அண்ணையின்ர முதுகில.”

அவர் திரும்பி வந்து மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் அத்தான் துப்பறியத் தொடங்கினார். கீழ் வீட்டுக்காரரா? மாம்பழம் தராமல் போனவரா? என்னைக் கடைக்கண்ணால் பார்த்து, “அன்னபாக்கியம் மாமியாய் இருக்குமோ?” என்றார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். வசனத்தோடு நிறுத்தும் பெண் அல்ல என் அம்மா.

“நான்தான்” என்றாள் மச்சாள்.

“என்ன நீதான்?”

“நான்தான் சொன்னனான். ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில போன் எடுக்கிற கொமினிகேஷன் கடை இருக்கெல்லே? அந்தப் பெடியனிட்ட போனை வெளியில எடுத்துத் தரச் சொன்னன். நல்ல பெடியன், வயர் எட்டாம மேசையையும் இழுத்துக்கொண்டு வந்தவன்.”

அத்தான் தரையில் இருந்துவிட்டார். “உன்ர காரை நீயே காட்டிக் குடுத்தனியோ? உனக்கு என்ன விசரே?”

“என்ர காலுக்குத் தந்த கார், அண்ணை. என்னைக் கடை வாசல்ல இருத்திப்போட்டுப் போட்டுது.”

“அவன் பறிச்சுக்கொண்டு போயிருந்தா?”

“போயிருந்தா ரெண்டு பேரும் வீட்டில இருந்திருப்பம். முந்தி நான் தனியத்தானே இருந்தன்.”

அத்தான் அழுதார். நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். (கடல் தெரியாது, எதிர்த் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். வேறெங்கும் பார்க்க முடியாததால் அதையே பார்த்தேன்.) பிறகு அவள் சிரிக்கத் தொடங்க, அத்தானும் மூக்கைச் சீறிக்கொண்டு சிரிக்க, என்னையும் அது பிடித்துக்கொண்டது.

7

கலியாணத்தன்று காலை. அந்த வாரம் நகரத்தில் கெடுபிடி கூடியிருந்தது. மாஸ்ரர் பேசிவைத்திருந்த வாடகைக் கார்க்காரர் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டார். மாஸ்ரர் பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி படியேறி வந்தார்.

“தம்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்!”

“பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு வருவா, மாஸ்ரர்” என்றார் அத்தான். அவர் வாழ்க்கையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மிகக் கிட்டப் போனது அன்றுதான்.

மச்சாள் ஏற்கெனவே அரக்கு நிறக் காஞ்சிபுரம் உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, கதவுக்கு நேரே இருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கெடுபிடி கூடினா வாடகைக் கார் வராதெண்டு உனக்குத் தெரியாதோ? நான் விடியவே உடுத்திட்டன்” என்றாள்.

முறைப்படி தோழனாக நிற்கவேண்டிய பெண்ணின் சகோதரன், மாஸ்ரரின் மகன், ஜேர்மனியில். ஆகவே மாப்பிள்ளைத் தோழனாக என்னைப் பிடித்துத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். சிங்களம் தெரிந்தவன் ஒருவன் காரில் இருப்பது நல்லது என்பதும் ஒரு காரணம். (என் சிங்களம் எவ்வளவு உதவியது என்று பார்க்கத்தானே போகிறீர்கள்.)

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளையின் மாமி சிவக்கொழுந்து வாசலில் நின்றார். முன் சீற்றைப் பார்த்தார். கையிலிருந்த நிறைகுடம் ஆடியது.

“இதென்ன கோலம்? மாப்பிள்ளை வெளிக்கிடேக்க இது முன்னாலயோ?”

மச்சாள் கண்ணாடியை இறக்கினாள். “மாமி, நான் இறங்கினா கார் ஓடாது. அரசாங்கச் சட்டம். அங்க போய் அம்மி மிதிச்சு அருந்ததி பாக்கத்தானே போகினம்? இஞ்சயே ஒருக்காப் பாத்திட்டு வரட்டும்.”

தில்லைநாதன் நல்ல மனிதர். சிரிப்பை அடக்க முடியாமல், மாமி சொல்வதைக் கேட்காமல் வந்து ஏறிவிட்டார். கதவு திறந்ததும் மயிலம்மா ஏதோ சொன்னாள். சிவக்கொழுந்து மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட ஒரு சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் பின் கதவைத் திறந்தான், மயிலம்மா பேசினாள். அவன் துவக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான்.

“கவுத கதா கரே?” யார் பேசியது என்று கத்தினான்.

என் சிங்களம் தொண்டைக்குள் போய் ஒளித்துக்கொண்டது. தலைப்பாகை கண்ணை மறைத்தது.

“கார் எக்க, மல்லி” என்றாள் மச்சாள். கார்தான் பேசியது தம்பி என்று, வீட்டில் ஒருவரை அறிமுகப்படுத்துகிற மாதிரி. “எயா ஜப்பான்.” அவ ஜப்பான்காரி என்று.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான். மாப்பிள்ளையின் அடையாள அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறந்த இடம் வடக்கு. இறங்கச் சொன்னான். அந்த நாட்களில் இப்படி இறங்கிய பலர் பொலிஸ் நிலையத்தில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் வந்தார்கள். சிலர் வரவில்லை. தில்லைநாதன் ஒரு காலை வெளியே வைத்தார்.

“நெகத்த யனவா, மல்லி” என்றாள் மச்சாள்.

சுபநேரம் போகிறது என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிப்பாயின் வீட்டிலும் நெகத் பார்த்துத்தானே அடுப்பு மூட்டியிருப்பார்கள், நெகத் பார்த்துத்தானே அவனுடைய அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அவன் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தான். மச்சாள் நேரத்தைச் சொன்னதும் அவனுக்கே பதற்றம் வந்துவிட்டது. அட்டையை மாப்பிள்ளையின் மடியில் எறிந்து, முன்னால் இருந்த தடையைத் தூக்கும்படி சத்தம் போட்டான். அதற்குள் அரக்குப் பட்டையும் பூவையும் பார்த்து, இது உங்கள் கலியாணமா என்று அவளிடம் கேட்கவும் மறக்கவில்லை.

“நே மல்லி. மகுல எயாகே. கார் எக்க மகே.”

கலியாணம் அவருடையது, கார் என்னுடையது.

சாவடி தாண்டியதும் காருக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அத்தான் ஹோர்னை அடித்துக்கொண்டே போனார். எந்தச் சகுனத்துக்காக அவளைக் கடை வாசலில் இருத்தினார்களோ, அதே சகுனத்தை எடுத்துத்தான் அவள் மாப்பிள்ளையை மீட்டாள் என்பது எனக்குப் பம்பலப்பிட்டியில்தான் உறைத்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். “தெரியும், நேரா இரு, தலைப்பாகை விழுது” என்றாள்.

8

இப்போது கார் வெள்ளவத்தையில் மண்டப வாசலில் நிற்கிறது. மேளம் அடிக்கிறது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள், என் அம்மாவும் நிற்கிறார். மாப்பிள்ளை இன்னும் இறங்கவில்லை. அத்தான் காரைச் சுற்றி வந்து, முன் கதவைத் திறந்து, வீட்டுப் படியில் செய்வது போல முதுகைக் காட்டிக் குந்துகிறார். எல்லோரும் பார்க்கிறார்கள்.

முடிவு (அ): மச்சாள் அண்ணன் முதுகில் ஏறி, மாப்பிள்ளைக்கு முன்னால், மேளத்தோடு மண்டபத்துக்குள் போகிறாள். (எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆகவே இதை நான் நம்பவில்லை.)

முடிவு (ஆ): “நான் காருக்குள்ள இருக்கிறன், அண்ணை. சாப்பாட்டை அனுப்பு” என்கிறாள். (அம்மாவுக்கும் மாஸ்ரருக்கும் இது பிடிக்கும். அதனால் எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு (இ): ஆரத்தித் தட்டை என் அம்மாவே எடுத்துக்கொண்டு முன் சீற்றுக்கு வந்து —

(இல்லை. என் அம்மாவை எனக்குத் தெரியும்.)

அன்று நடந்தது எனக்குத் தெரியும், அங்கேதானே தலைப்பாகையோடு நின்றேன். ஆனாலும் துணிவு வரவில்லை. நேற்று மச்சாளுக்குப் போன் எடுத்தேன். இப்போதும் வெள்ளவத்தைதான், ஆனால் கீழ் வீடு. அத்தானின் முதுகு வைத்தியரின் பொறுப்பில் இருக்கிறது. முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். சோதனைச் சாவடி வந்த இடத்தில் சிரித்தாள்.

“எப்பிடி, மச்சாள்?”

“மயிலம்மா எண்டு பேர் வைச்சது நான். நீ ஒழுங்கைப் பிள்ளையள் எண்டு எழுதியிருக்கிறாய்.”

“மாத்துறன்.”

“எழுத்தாளர், நான் இந்தக் கதையில எப்ப ஏறினனான்?”

“முதல் பகுதியிலயே வாறியள்.”

“இல்லை. நான் அஞ்சாம் பகுதியிலதான் வாய் திறக்கிறன். அதுவரைக்கும் நீ என்ர காலை மட்டும் ஏத்திக்கொண்டு ஓடியிருக்கிறாய்.”

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ‘இப்போதைக்கு இந்தக் கதைக்கு அந்தக் கால்கள் போதும்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அம்மாவின் வசனம் எங்கேயோ இருந்து கேட்டது. இம்முறை அதில் நாகேந்திரத்தின் பெயர் இல்லை, கார் என்ற சொல்லும் இல்லை. அருந்ததியின் காலைக் காட்டி நான் கதை ஓடிக்கொண்டிருந்தேன்.

“கிழிச்சுப் போடட்டோ?” என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

“ஏன் கிழிக்கிறாய்? என்னை விட்டிட்டு ஓடினதுக்காகக் காரை வித்தனாங்களே? ஓடட்டும். ஆனா நான் இல்லாம ஓடக்கூடாது.”

“அப்ப முடிவை நீங்களே சொல்லுங்கோ. எல்லாரும் வாசல்ல நிக்கினம். அத்தான் குந்திக்கொண்டு இருக்கிறார், பாவம், முதுகு நோகும். இறங்கினனீங்கள் எண்டு எழுதட்டோ, இறங்கேல்லை எண்டு எழுதட்டோ?”

“அண்டைக்கு நடந்தது எனக்கு நடந்தது. அதை உன்னோட வைச்சிரு. கதையில இறங்கிறதோ எண்டு நான் இன்னும் யோசிக்கேல்லை.” பின்னால் அத்தான் ஏதோ சத்தம் போட, “ஓம், சொல்லுறன்” என்றாள். “அண்ணை சொல்லுறார், ஜப்பான்காரர் ஒராள் இஞ்ச வந்தவராம், மயிலம்மா சொல்லுறதுக்கு அவரிட்ட அர்த்தம் கேட்டவராம்.”

“என்னவாம்?”

“கதவு சரியாச் சாத்தேல்லையாம். அவ்வளவுதான். இத்தின வருஷமா அந்த மனுசி அதைத்தான் சொன்னவ.”

இருவரும் நன்றாகச் சிரித்தோம். போனை வைக்க முன் சொன்னாள்: “வாசிக்கிறவையிட்டச் சொல்லு. தூக்கிறதெண்டா கேட்டிட்டுத் தூக்கட்டும்.”

9

(இந்தப் பகுதி அவளுடைய பெர்மிட்டில் ஓடுகிறது. நான் இறங்கிவிட்டேன், தலைப்பாகையும் கழற்றியாயிற்று.)

முன் கதவு பாதி திறந்திருக்கிறது. மயிலம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வாசகரே, மேளக்காரர் உங்களைப் பார்க்கிறார்கள். சாவி காரில்தான் இருக்கிறது. மச்சாள் முன் சீற்றில், அரக்குப் பட்டில், வாசலைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் உள்ளே இருக்கும்வரை நீங்கள் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கே போகவேண்டும் என்று அவளிடம் கேளுங்கள்.